செய்தி வாக்காக மாறுமா? – வாசகர் கேள்வி பதில்

பிரசாரத்துக்கு ஊடகம் எப்போது துணை, எப்போது வினை என்பது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம். கேட்டவர்களில் பிரசாரக் குழுவினரும் இருக்கிறார்கள், நிருபர்களும் வாக்காளர்களும் இருக்கிறார்கள். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கே: பத்திரிகையும் டிவியும் சொல்வதைக் கேட்டு யாராவது வாக்கை மாற்றுகிறார்களா? இல்லையென்றால் கட்சிகள் செய்திக்காக ஏன் இப்படி அலைகின்றன?

ப: மாற்றுகிறவர்கள் உண்டு, நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1940-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஈரி கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவும் சுமார் 600 வாக்காளர்களை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார்கள். வானொலியும் பத்திரிகையும் ஆட்களைக் கட்சி மாற்றுவதை நேரில் பார்க்கலாம் என்று போனவர்களுக்கு ஏமாற்றம்தான். பெரும்பாலானோர் ஏற்கெனவே சாய்ந்திருந்த பக்கத்திலேயே இன்னும் அழுத்தமாக நின்றார்கள். தங்களுக்குப் பிடித்த கட்சியின் செய்தியைத்தான் தேடிப் படித்தார்கள், தேடிக் கேட்டார்கள். கட்சி மாறியவர்கள் சிறு பகுதியினர்.

அத்துடன் ஊடகத்துக்கு வலுவே இல்லை என்று கதையை முடித்துவிட முடியாது. 1968 அதிபர் தேர்தலின்போது வட கரோலைனாவின் சேப்பல் ஹில்லில் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்டு ஷா என்ற ஆய்வாளர்கள் வேறு ஒன்றை அளந்தார்கள். இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அதே வாரங்களில் செய்திகள் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் தந்தன என்றும் கணக்கெடுத்தார்கள். இரண்டு வரிசைகளும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. 1972-இல் வெளியான அந்த ஆய்வுதான், மக்கள் எதை முக்கியமாக நினைக்கிறார்கள் என்பதைச் செய்தி எப்படி வகுக்கிறது என்று ஆராயும் துறையின் அடித்தளம். யாருக்குப் போடுவது என்பதைச் செய்தி முடிவு செய்வது அரிது. எதை வைத்து எடைபோடுவது என்பதை அது அடிக்கடி முடிவு செய்கிறது. வேலையின்மை முதல் பக்கத்தில் இருக்கும் வாரத்தில் வாக்காளர் இரண்டு வேட்பாளர்களையும் வேலையின்மையை வைத்து ஒப்பிடுவார். அதே வாக்காளர், அதே வேட்பாளர்கள், ஆனால் பாதுகாப்பு முதல் பக்கத்தில் இருந்தால் ஒப்பீடே வேறு.

ஆகவே "நம்மைப் பற்றி நல்லபடியாக எழுதினார்களா" என்று மட்டும் பார்ப்பது போதாது. செய்தியைப் படித்து முடித்தவர் மனதில் எந்தக் கேள்வியோடு எழுந்து போகிறார் என்று பார்க்க வேண்டும். இதற்கு எளிய வேலை ஒன்று உண்டு. தினமும் உங்கள் போட்டியைப் பற்றி வந்த செய்திகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிப்பு போடுங்கள்: எந்தப் பிரச்சினை பற்றியது, அதில் யாருடைய வார்த்தைகள் மேற்கோளாக வந்திருக்கின்றன, தொனி எப்படி. வாரக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். 40 செய்திகளில் உங்கள் பிரச்சினை பற்றியவை 10 கூட இல்லையென்றால், எல்லாச் செய்தியும் உங்களைப் புகழ்ந்தாலும் நீங்கள் எதிராளியின் மைதானத்தில்தான் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள்.

கே: 'கெட்ட பெயர் வந்தாலும் பெயர் வந்தால் போதும்' என்கிறார் எங்கள் வேட்பாளர். சரியா?

ப: யாருக்கும் தெரியாத வேட்பாளருக்கு ஓரளவு சரி. வாக்குச்சீட்டில் பார்த்ததும் அடையாளம் தெரியாத பெயருக்கு வாக்கு விழுவது கடினம். லேசான சர்ச்சை பெயரை ஊருக்குச் சொல்லும். சில வாரங்களில் சர்ச்சை மறந்து பெயர் மட்டும் நினைவில் நிற்பதும் உண்டு. ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவருக்கு இந்த லாபம் கிடையாது, நஷ்டம் மட்டும்தான்.

நஷ்டம் எவ்வளவு பெரிது என்பது இன்னொன்றைப் பொறுத்தது. வந்த செய்தி, மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் சந்தேகத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 2004 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் அயோவா மாநில உட்கட்சித் தேர்தலில், அதிபர் வேட்பாளராக முயன்ற ஹோவர்ட் டீன் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அன்று இரவு தொண்டர்களை உற்சாகப்படுத்தப் பேசி, கடைசியில் ஓங்கி ஒரு கூச்சல் போட்டார். அடுத்த சில நாள்களில் டிவி சேனல்கள் அந்தச் சில விநாடிகளை நூற்றுக்கணக்கான தடவை ஒளிபரப்பின. இவர் நிதானமில்லாதவரோ என்ற ஐயம் முன்பே இருந்தது. கிளிப் அதற்குச் சாட்சியாகிவிட்டது. கூச்சல்தான் அவரைத் தோற்கடித்தது என்று சொல்வது மட்டும் தவறு. அயோவாவில் அவர் தோற்ற பிறகு நடந்தது அது.

அந்தக் கிளிப்பில் தொழில்நுட்பப் பாடம் ஒன்று இருக்கிறது, மேடை ஏறும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அவர் கையில் பிடித்திருந்தது சுற்றுச் சத்தத்தை வடிகட்டி, வாய்க்கு நேரே வரும் ஒலியை மட்டும் எடுக்கும் மைக். அரங்கில் கூட்டத்தின் இரைச்சலில் அவர் குரலே சரியாகக் கேட்கவில்லை. டிவியில் பார்த்தவர்களுக்கோ அமைதியான அறையில் ஒருவர் தனியாகக் கத்துவதுபோல இருந்தது. ஆகவே உங்கள் ஒலி அமைப்பாளரிடம் கூட்டத்தை நோக்கி இரண்டு மைக் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அந்த ஒலியையும் மிக்ஸரில் சேர்த்து, சேனல்களுக்குக் கொடுக்கும் இணைப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கூட்டம் எவ்வளவு ஆரவாரமாக இருந்தாலும், பேச்சாளர் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவரிடம் பேசும் அளவுக்கே குரலை உயர்த்த வேண்டும்.

கே: மாதம் இரண்டு பிரஸ் மீட் வைக்கிறோம். நிருபர்கள் வருகிறார்கள், டீ குடிக்கிறார்கள், போகிறார்கள். செய்தி மட்டும் வருவதில்லை. எங்கே தப்பு?

ப: பெரும்பாலும் மூன்று இடங்களில். சொல்ல ஒன்றுமில்லாமல் கூப்பிடுகிறீர்கள், அல்லது ஐந்து விஷயத்தை ஒன்றாகச் சொல்கிறீர்கள், அல்லது நேரம் தவறுகிறீர்கள்.

ஒரு பிரஸ் மீட்டுக்கு ஒரே செய்தி. அழைப்பை 48 மணி நேரம் முன்னால் அனுப்புங்கள், அன்று காலை ஒருமுறை நினைவுபடுத்துங்கள். காலை 11 மணி நல்ல நேரம். அச்சுப் பத்திரிகையின் பக்கங்களைப் பிற்பகலிலேயே ஒதுக்கத் தொடங்கிவிடுவார்கள்; மாலை 5 மணிக்குச் சொன்ன செய்திக்கு மிச்சம் இருக்கும் மூலைதான் கிடைக்கும். அழைப்பில் "முக்கிய அறிவிப்பு" என்று மொட்டையாகப் போடாதீர்கள். எதைப் பற்றியது என்று ஒரு வரி இருந்தால்தான் செய்தி டெஸ்கில் இருப்பவர் கேமராவை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்.

வேட்பாளரின் அறிக்கை ஏழு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. கேள்விக்கு இருபது நிமிடம். மேடையில் உள்ளவர்களுக்குச் சால்வையும் வரவேற்புரையும் வைத்தால் கேமராக்காரர் நாற்பது நிமிடத்தில் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார், நீங்கள் அப்போதுதான் விஷயத்துக்கு வந்திருப்பீர்கள். நாற்காலியை எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிடக் குறைவாகப் போடுங்கள்: 25 பேர் வருவார்கள் என்றால் 20. காலி நாற்காலி படத்தில் விழுந்தால் அதுவே செய்தியாகிவிடும். பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுக்கும். வேட்பாளருக்குப் பின்னே வரிசையாக ஆள் நிறுத்துவதைத் தயவுசெய்து விடுங்கள். அதில் ஒருவர் போன் பார்ப்பார், ஒருவர் கொட்டாவி விடுவார், அந்தப் படம்தான் பரவும்.

பிரஸ் ரிலீஸ் ஒரு பக்கம், 300 முதல் 400 சொற்கள். முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் எல்லாம் இருக்க வேண்டும், ஏனென்றால் இடம் போதாதபோது துணை ஆசிரியர் கீழேயிருந்துதான் வெட்டுவார். அப்படியே எடுத்துப் போடும்படி ஒரு மேற்கோள், அதுவும் இரண்டு வாக்கியத்துக்குள். எண்கள் சொன்னால் அவை எந்த ஆவணத்திலிருந்து, எந்த ஆண்டுக்குரியவை என்று அதே வரியில் எழுதுங்கள். படம் அகலவாக்கில் இரண்டு, நெடுக்குவாக்கில் ஒன்று. இடமிருந்து வலமாக யார் யார் என்று குறிப்பு. கடைசியில் ஒரு தொலைபேசி எண். இரவு 10 மணிக்குச் சந்தேகம் கேட்டு அழைத்தால் எடுப்பவருடைய எண்ணாக அது இருக்கட்டும். எடுக்கவில்லையென்றால் செய்தியில் "கருத்து அறிய முயன்றோம், கிடைக்கவில்லை" என்ற வரி வரும். படிப்பவருக்கு அது ஒப்புதல் போலவே தோன்றும்.

முழு நிகழ்ச்சியையும் நீங்களும் ஒலி, ஒளி இரண்டிலும் பதிவு செய்து வையுங்கள். ஏன் என்பது அடுத்த இரண்டு பதில்களில் தெரியும்.

கே: நாற்பது நிமிடம் பேசினேன். டிவியில் எட்டு விநாடி போட்டார்கள், அதுவும் நான் முக்கியமாக நினைக்காத வரி. இது வேண்டுமென்றே செய்வதா?

ப: சில நேரம் இருக்கலாம். பெரும்பாலும் இல்லை. டேனியல் ஹாலின் என்ற ஆய்வாளர் அமெரிக்க டிவி செய்திகளை அளந்து பார்த்தபோது, 1968-இல் வேட்பாளர் இடைவெட்டு இல்லாமல் பேசுவது சராசரியாக 43 விநாடி ஒளிபரப்பானது. 1988-இல் அது 9 விநாடியாகிவிட்டது. 9 விநாடியில் நிதானமாகச் சொல்லக்கூடியது தமிழில் 15, 16 சொற்கள்தான்.

அந்த 15 சொற்களை நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் எடிட்டிங்கில் இருப்பவர் தேர்ந்தெடுப்பார். அவர் தேடுவது முன்கதை தெரியாதவருக்கும் புரியும் வாக்கியம். மோதல், எண், வாக்குறுதி ஆகியவற்றில் ஒன்று அதில் இருக்க வேண்டும். ஆகவே பேச்சைத் தயாரிக்கும்போதே பைட் (டிவி வெட்டி எடுத்துப் போடும் பேச்சுத் துண்டு) ஆகக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதி, விநாடி எண்ணிப் படித்துப் பாருங்கள். "அதனால்", "அவர் சொன்னதுபோல", "இதெல்லாம்" என்று முந்தைய வாக்கியத்தில் தொங்கும் சொல் இருந்தால் அதை வெட்டி எடுக்க முடியாது. பேச்சில் அதை இரண்டு இடத்தில் சொல்லுங்கள், முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒருமுறை. முன்னும் பின்னும் ஒரு விநாடி நிறுத்துங்கள், வெட்டுவதற்கு இடம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எதிராளியின் குற்றச்சாட்டைக் கிண்டலாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மறுக்கும் பழக்கம் மேடைப் பேச்சில் அதிகம். "நான் கட்டிய பள்ளிகள் எல்லாம் வீண் என்கிறார்" என்ற வாக்கியத்தில் கடைசிச் சொல்லை வெட்டினால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். தமிழில் "என்கிறார்", "என்று சொல்கிறார்கள்", "இல்லை" எல்லாம் வாக்கியத்தின் வாலில் வருவதால் இந்த ஆபத்து நமக்குக் கூடுதல். "அவர் சொல்வது பொய்" என்று முதலில் போட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

கே: எங்கள் வேட்பாளரைப் பற்றி முழுப் பொய்யான செய்தி ஒன்று பரவுகிறது. மறுத்தால் இன்னும் நாலு பேருக்குத் தெரியும், மறுக்காவிட்டால் உண்மையென்று ஆகிவிடும். என்ன செய்வது?

ப: முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எதிராளியின் ஆதரவாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வட்டத்தில் மட்டும் சுற்றுகிறதா? அப்படியானால் பதிலை எழுதித் தயாராக வைத்துக்கொண்டு பொறுங்கள். ஒரு நிருபர் தொலைபேசியில் கேட்டுவிட்டாலோ, உங்கள் சொந்தத் தொண்டர்களே "இது உண்மையா" என்று கேட்கத் தொடங்கினாலோ வட்டம் உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு மௌனம் கெடுதல்.

செய்ய வேண்டியவை வரிசையாக: பொய்ச் செய்தியின் திரைப்பதிவை நேரத்தோடு எடுத்து வையுங்கள், பிறகு அழித்துவிடக்கூடும். வேட்பாளரிடம் தனியாக உட்கார்ந்து, "இதில் ஒரு நூல் அளவாவது உண்மை இருக்கிறதா" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டு அவசரமாக முழு மறுப்பு விட்டு, மறுநாள் ஆவணம் வெளியாகி, பொய்யை மறுக்கப் போனவர்களே பொய்யர்களான பிரசாரங்கள் எத்தனையோ. பிறகு ஆதாரம். வெறும் மறுப்பைவிட ஒரு பக்க ஆவணம் வலுவானது. செய்தியை வெளியிட்ட நிறுவனத்தின் ஆசிரியருக்கு எழுத்தில் அனுப்புங்கள். எந்த வரி தவறு, சரியானது எது, ஆதாரம் எது, என்ன திருத்தம் வேண்டும் என்று நான்கு பத்தி போதும். மிரட்டல் நடை வேண்டாம். எந்த நிருபர் எழுதினாரோ அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், நேர்மையான நிருபர் தானே திருத்த விரும்புவார்.

மறுப்பின் வார்த்தைகளில்தான் பலர் வழுக்குகிறார்கள். 1973 நவம்பர் 17 அன்று அமெரிக்க அதிபர் ரிச்சர்டு நிக்ஸன் "நான் மோசடிக்காரன் அல்ல" என்றார். கேட்டவர்கள் மனதில் நின்றது "மோசடிக்காரன்". அந்தச் சொல்லை அவரே தன் பெயரோடு ஒட்டிக்கொண்டார். உண்மையில் தொடங்குங்கள், நடுவில் ஒரே ஒருமுறை பொய்யைச் சுட்டிக்காட்டுங்கள், உண்மையில் முடியுங்கள். தலைப்பில் பொய் வரவே கூடாது. "நிலத்தை அபகரித்ததாகக் கூறுவது பொய்" என்பதைவிட "1998-இல் பத்திரம் பதிந்து வாங்கிய நிலம்: ஆவணம் வெளியீடு" என்பது நல்ல தலைப்பு.

தவறு உண்மையானால் வழி வேறு, அன்றே ஒப்புக்கொள்வது. 1976 அக்டோபர் 6 தேர்தல் விவாதத்தில் அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அன்றிரவு எடுத்த கருத்துக்கணிப்பில் அவர் நன்றாகவே தெரிந்தார். மறுநாள் முழுக்க செய்திகள் அந்த ஒரு வரியையே பேச, கணிப்பு தலைகீழானது. அவரோ பல நாள் பிடிவாதமாக இருந்துவிட்டுத்தான் திருத்திக்கொண்டார். ஒவ்வொரு நாள் தாமதமும் அதே செய்தியை இன்னொரு நாள் ஓடவிட்டது.

கே: நிருபர் நண்பர்தான். "இது எழுதுவதற்கில்லை" என்று சொல்லித்தான் பேசினேன். எழுதிவிட்டார்.

ப: எப்போது சொன்னீர்கள்? பேசி முடித்த பிறகு சொன்னால் அது செல்லாது. பேசுவதற்கு முன் நீங்கள் கேட்டு, அவர் சரி என்று சொன்னால்தான் ஒப்பந்தம். அதிலும் மூன்று வகை இருக்கிறது: பெயரோடு போடலாம், பெயரில்லாமல் "கட்சி வட்டாரம்" என்று போடலாம், போடவே கூடாது. எந்த வகை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்தச் சொற்களை ஆளுக்கு ஒருவிதமாகப் புரிந்துகொள்கிறார்கள்.

மைக்குக்கு நண்பரும் கிடையாது. 2010 ஏப்ரல் 28 அன்று பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் ராச்டேல் நகரில் ஒரு வாக்காளரோடு பேசிவிட்டுக் காரில் ஏறினார். சட்டையில் ஒரு சேனலின் காலர் மைக் இன்னும் இருந்தது. அந்தப் பெண்மணியைப் பற்றி உதவியாளரிடம் அவர் அலுத்துக்கொண்ட வார்த்தைகள் அன்றைக்கே நாடு முழுவதும் ஒலித்தன. அதேபோல 2012 மே மாதம், நன்கொடையாளர்களுக்கான ஒரு தனி விருந்தில் அமெரிக்க அதிபர் வேட்பாளர் மிட் ராம்னி, 47 சதவீத மக்கள் அரசையே நம்பியிருப்பவர்கள் என்று சொன்னதை யாரோ மறைவாகப் பதிவு செய்தார்கள்; செப்டம்பரில், பிரசாரத்தின் உச்சத்தில் அது வெளியானது. தனி விருந்து, மூடிய அறை என்பதெல்லாம் இப்போது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் ஒரு ஆளுக்கு ஒரே வேலை கொடுங்கள்: வேட்பாளர் ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் காலர் மைக்கைக் கழற்றி வாங்கி, சேனல் ஆளிடம் கையில் கொடுப்பது. அது முடியும்வரை வேட்பாளர் வாய் திறக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அத்தனை செய்திக்கும் பிறகு அதே ராச்டேல் தொகுதியில் பிரவுனின் தொழிற்கட்சி வேட்பாளர்தான் 889 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். செய்தியின் சத்தத்தை வைத்து வாக்கின் எடையைக் கணக்கிட முடியாது.

கே: டிவி விவாதத்தில் தோற்றம் முக்கியமா, கருத்தா? கென்னடி – நிக்ஸன் கதையை எல்லோரும் சொல்கிறார்கள்.

ப: சொல்லும் கதை இது: 1960 செப்டம்பர் 26 அன்று அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் கென்னடியும் நிக்ஸனும் நடத்திய விவாதத்தை வானொலியில் கேட்டவர்கள் நிக்ஸன் வென்றார் என்றார்கள், டிவியில் பார்த்தவர்கள் கென்னடி என்றார்கள். இதற்கான சான்று மிக மெலிது. ஆதாரமாகக் காட்டப்படும் கணிப்பில் வானொலியில் கேட்டவர்கள் 300 பேர்கூட இல்லை. வானொலியை நம்பியிருந்தவர்கள் கிராமப்புறத்தினர், முன்பே நிக்ஸன் பக்கம் சாய்ந்திருக்கக்கூடியவர்கள். ஆகவே அதை வைத்து "கருத்து செத்தது, முகம் வென்றது" என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

நடந்தது என்னவோ உண்மை. நிக்ஸன் முழங்கால் தொற்றால் மருத்துவமனையில் கிடந்து, எடை குறைந்து வந்திருந்தார். வெளிர் சாம்பல் கோட்டு பின்புறச் சாம்பல் சுவரோடு கலந்துபோனது. முறையான ஒப்பனையை மறுத்துவிட்டு, தாடி நிழலை மறைக்க எதையோ பூசிக்கொண்டார், வியர்த்ததும் அது காட்டிக்கொடுத்தது. இவை எல்லாம் தவிர்க்கக்கூடியவை என்பதுதான் வருத்தம். முந்தின நாளே அரங்கத்துக்கு ஒருவரை அனுப்பி பின்புலத்தின் நிறம், மேடையின் உயரம், விளக்கு விழும் கோணம் ஆகியவற்றைப் படமெடுத்து வரச் சொல்லுங்கள். பின்புலத்துக்கு எதிர்நிறத்தில் உடை. நெருக்கமான கோடு, சிறு கட்டம் போட்ட துணி கேமராவில் நெளியும். எதிராளி பேசும்போதும் கேமரா உங்கள் மீது இருக்கலாம்; தலையாட்டுவது, சிரிப்பது, கடிகாரம் பார்ப்பது எல்லாம் பதிவாகும்.

விவாதம் முடிந்த அடுத்த 24 மணி நேரம் விவாதத்தைவிட முக்கியம். ஃபோர்டுக்கு நடந்ததை மேலே பார்த்தோம். முடிந்த பத்தாவது நிமிடத்தில் உங்கள் தரப்பின் இரண்டு பைட்டுகளும், எதிராளி சொன்ன எண்களில் தவறானவற்றுக்கு ஆதாரத்தோடு திருத்தமும் நிருபர்கள் கையில் இருக்க வேண்டும்.

கே: கருத்துக்கணிப்பில் எங்கள் வேட்பாளர் 2 சதவீதம் பின்தங்கியிருப்பதாகத் தலைப்புச் செய்தி வந்தது. தொண்டர்கள் சோர்ந்துவிட்டார்கள்.

ப: எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள். சரியான முறையில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்தாலே ஒவ்வொருவரின் வாக்கு சதவீதத்திலும் கூடவோ குறையவோ 3 புள்ளி பிழை இருக்கும். 400 பேர் என்றால் 5. "இளைஞர்களிடம் இவர் முந்துகிறார்" என்று உட்பிரிவுகளைப் போடுவார்கள். அந்தப் பிரிவில் 100 பேர்தான் இருந்தால் பிழை 10 புள்ளி, அந்த வரியைப் படிக்காமலே விடலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்குப் பிழை கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆக 1,000 பேர் கணிப்பில் 2 புள்ளி வித்தியாசம் என்பதற்கு "யார் முந்துகிறார் என்று தெரியவில்லை" என்று பொருள். அப்படித் தலைப்புப் போட்டால் யார் படிப்பார்கள் என்பது டெஸ்கின் கவலை.

எண்ணிக்கை பெரிதாக இருப்பதும் போதாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடிப் படிவங்களை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசிப் பட்டியல், கார் உரிமையாளர் பட்டியல் போன்றவற்றிலிருந்து முகவரி எடுத்ததும், ஆர்வமுள்ளவர்கள் மட்டுமே திருப்பி அனுப்பியதும் சேர்ந்து கவிழ்த்தன. இன்று இணையத்தில் "உங்கள் வாக்கு யாருக்கு" என்று சேனல்கள் வைக்கும் பெட்டிக்கும் இதே நோய்தான்.

காலமும் கவனிக்க வேண்டியது. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் கணிப்பு நிறுவனங்கள் முடிவு தெரிந்துவிட்டது என்று வாக்குப்பதிவுக்கு முன்பே களப்பணியை நிறுத்திக்கொண்டன. கடைசி நாள்களில் ட்ரூமன் பக்கம் வந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் சீக்கிரமே அச்சுக்குப் போக வேண்டியிருந்த சிகாகோ ட்ரிப்யூன், ட்ரூமனை எதிர்த்து நின்ற டூவி வென்றார் என்று தலைப்பிட்டுவிட்டது. வென்ற ட்ரூமன் அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம் இன்றும் இருக்கிறது.

தொண்டர்களிடம் பிழைக் கணக்கை விளக்கிவிட்டு, அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டிய வீடுகளின் பட்டியலைக் கையில் கொடுங்கள். பின்தங்கியிருக்கிறோம் என்ற செய்தியைவிட, முந்திவிட்டோம் என்ற செய்தி களத்தில் அதிகக் கெடுதல் செய்யும். மாலையில் வர வேண்டியவர்கள் வராமல் போவது அப்போதுதான்.

கே: "செய்தி மாதிரியே போட்டுத் தருகிறோம், விளம்பரம் என்று இருக்காது" என்று ஒரு பத்திரிகைத் தரப்பில் விலை பேசுகிறார்கள்.

ப: வேண்டாம். வாக்காளரை ஏமாற்றும் வேலை என்பதே போதுமான காரணம். அதோடு, அது கணக்கில் வராத தேர்தல் செலவும் ஆகும். உத்தரப் பிரதேசத்தில் 2007 தேர்தலில் வென்ற ஒரு சட்டமன்ற உறுப்பினர், இப்படி வந்த செய்திகளின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று தேர்தல் ஆணையம் 2011-இல் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. ஒரே கட்டுரை இரண்டு பத்திரிகைகளில் வார்த்தை மாறாமல் வந்திருந்தாலோ, ஒரே பக்கத்தில் இரு வேட்பாளரும் வெல்வது உறுதி என்று இருந்தாலோ, எந்த வாசகருக்கும் புரிந்துவிடும். விளம்பரம் கொடுங்கள், விளம்பரம் என்று போட்டுக் கொடுங்கள்.

கே: வாக்குப்பதிவுக்கு முந்தைய இரண்டு நாளில் ஏதாவது குண்டைத் தூக்கிப் போட்டால் பதில் சொல்ல நேரமே இருக்காதே?

ப: அதனால்தான் அந்த நேரத்தில் போடுகிறார்கள். 1924-இல் பிரிட்டனில் அக்டோபர் 29 தேர்தல். 25-ஆம் தேதி டெய்லி மெயில், மாஸ்கோவிலிருந்து சோவியத் தலைவர்களில் ஒருவரான சினோவியெவ் பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளைத் தூண்டி எழுதியதாக ஒரு கடிதத்தை வெளியிட்டு ஆளும் தொழிற்கட்சியை உலுக்கியது. கடிதம் போலி. கட்சி தோற்றது. ஆனால் அதன் மொத்த வாக்கு முந்தைய தேர்தலைவிடப் பத்து லட்சம் கூடியிருந்தது. உண்மையில் சரிந்தது லிபரல் கட்சி. பழியைக் கடிதத்தின் மீது போட்டுவிட்டு, மற்றக் காரணங்களைப் பல ஆண்டுகள் பார்க்காமல் இருந்துவிட்டார்கள் என்பது அந்தக் கதையின் இன்னொரு பக்கம்.

பிரான்ஸில் 2017-இல் வேறுவிதமாக முடிந்தது. மே 7 ஞாயிறு வாக்குப்பதிவு. வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு பிரசாரத் தடை தொடங்கும். அதற்குச் சற்று முன்னால் அதிபர் வேட்பாளர் எம்மானுவேல் மக்ரோன் குழுவின் திருடப்பட்ட மின்னஞ்சல்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. குழு நள்ளிரவுக்கு முன்பே அறிக்கை விட்டுவிட்டது: திருடப்பட்டவை, இடையில் போலிகளும் கலந்திருக்கின்றன என்று. சொல்ல முடிந்ததற்குக் காரணம், தாக்குதல் முயற்சிகள் பற்றி அவர்கள் மாதக்கணக்கில் முன்பே வெளிப்படையாகப் பேசியிருந்தார்கள். தேர்தல் கண்காணிப்பு அமைப்பு ஊடகங்களை எச்சரித்தது. லு மோந்த் போன்ற பத்திரிகைகள், சரிபார்க்காத ஆவணங்களை வாக்குப்பதிவுக்கு முன் வெளியிட மாட்டோம் என்று அறிவித்தன.

நீங்கள் செய்யக்கூடியதும் அதுவே, சிறிய அளவில். வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் முன்பே உட்கார்ந்து, எந்தெந்தப் பொய்கள் வரலாம், எந்தெந்தப் பழைய விஷயங்கள் தோண்டப்படலாம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆவணமும் 100 சொல் பதிலும் எழுதி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, கோப்பில் வையுங்கள். கடைசி 48 மணி நேரத்தில் எதைச் சொல்லச் சட்டம் அனுமதிக்கிறது, எதை அனுமதிக்கவில்லை என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். பிரசாரத்துக்குத் தடை இருக்கும்போது உங்கள் மறுப்பே விதிமீறலாகிவிடக்கூடும். முக்கியமான பத்து நிருபர்களுக்கு, இரவு எந்த நேரமும் பேசக்கூடிய உங்கள் ஆள் யார் என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். அந்த ஆளின் போனுக்கு மாற்று பேட்டரியும் வாங்கிக் கொடுங்கள்.